மற்ற ஒன்பது பாத்திகள்

2005 மழைக்காலம். மரக்காணம் உப்பளங்கள் எல்லாம் மழைத் தண்ணீருக்குள் கிடந்தன. எனக்கு வேலை இல்லை. மகள் புதுச்சேரி விடுதியில் தங்கி எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படித்தாள். ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் என்ற பாடத்தில் முந்தைய தடவை தவறிவிட்டாள். திரும்ப எழுதும் பரீட்சைக்குப் படிக்கப் பத்து நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தாள். இந்தத் தடவையும் போனால் படிப்பை விட்டுவிடுவேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குப் பேச வராது; மகளிடமும் அப்படித்தான். பத்தாவது படித்தவன் அவளுக்கு என்ன உதவ முடியும்? சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு உப்பளத்துக் கொட்டகைக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் மதியம் குடையோடு வந்து நின்றாள்.

"நான் பெயிலானது உனக்கு அசிங்கமா இருக்குதாப்பா?"

"ஐயோ, இல்லம்மா. நீ படிக்கட்டும்னுதான்..."

"ஒண்டியா செவுத்தப் பாத்துப் படிச்சுதான் போன தடவ கோட்ட வுட்டேன். உக்காரு. சொல்றேன், கேளு."

உப்புப் பாத்தித் தண்ணீரில் ஒவ்வொரு துகளும் எங்கே ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத் தண்ணீரின் சூட்டைச் சொல்லிவிடலாம். அது எப்படி என்பதுதான் பாடம் என்றாள். "ம்" என்றேன். அடுத்ததற்கும் "ம்".

"இந்த 'ம்' வேணாம். மேஸ்திரி இன்னா சொன்னாலும் போடுவியே, அதே 'ம்' தான இது?"

உண்மைதான். உப்பளத்தில் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. மேஸ்திரி சொல்லுவார், 'ம்' என்றபடியே உப்பு வாருவோம்.

அவள் தொடர்ந்தாள். ஒரு பாத்திக்குப் பதிலாக, அதே போலப் பத்துப் பாத்தி இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே துகள்கள் இருக்கும் விதம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நம்மகிட்ட இருக்குறது ஒரு பாத்தி. மத்த ஒம்போதும் எங்க இருக்குது?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினாள், மூடினாள்.

"எங்கயும் இல்லப்பா. உள்ள இன்னா நடக்குதுன்னு நமக்குத் தெரியல இல்ல, அதுக்காக மனசுல கட்டிக்கிறது. இத நான் மனப்பாடமா எழுதிட்டு வந்தேன், தெரியுமா? ஒரு தடவகூட எங்க இருக்குதுன்னு கேக்கல." புத்தகத்தை மறுபடி திறந்தாள். "இன்னும் கேளு."

கேட்டேன். மீதி நாளெல்லாம் கேட்டேன். "லூசு மாதிரி கேக்கிறியேப்பா" என்று திட்டும் வாங்கினேன். அந்தச் சில நாட்களைப் போல நாங்கள் அதற்கு முன்பு பேசியதில்லை.

தேறிவிட்டாள். அடுத்த வருஷம் ஆராய்ச்சி செய்ய வடக்கே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவேன்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். நீ?"

"ஆச்சு."

அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் வராது. ஒருமுறை, பாடமெல்லாம் புரிகிறதா என்று கேட்டேன்.

"இங்க கூடப் படிக்கிறவங்க இருக்காங்கப்பா. தெனமும் உக்காந்து பேசிக்கிறோம்" என்றாள்.

நல்லதும்மா என்றேன். அவள் வைத்த பிறகும் ரிசீவரைக் காதில் பிடித்தபடி நின்றிருந்தேன். பின்னால் காத்திருந்தவர் கேட்டார்: "முடிஞ்சுதாண்ணா?"