பி.பி. நம்பரும் ஒரு மொட்டைக் கடிதமும்

பெயரும் முகவரியும் இல்லாமல் வரும் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது. வரவில் பதிந்து, கோப்பில் வைத்து, மூடிவிட வேண்டும். ஒருவரின் தொலைபேசி இணைப்பைத் துண்டிப்பதாக இருந்தால் அதற்கு முன் அவருக்கு அறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரி விதிகளை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் விதி என்று ஒன்று இருப்பதே தெரியாத பதின்மூன்று வயதில், இவை இரண்டையும் ஒரே தாளில் கொன்ற பெருமையும் எனக்கு உண்டு.

எங்கள் வீட்டுக் கறுப்பு போனில் எப்போதும் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். எங்கள் வீட்டு எண்ணெய் அல்ல, தெருப் பெண்களின் எண்ணெய். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் மாவு மில் வைத்திருந்த அப்பாவிடம் மட்டும்தான் போன் இருந்தது. தெருவில் பாதி ஆண்கள் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர்கள். தைப் பொங்கல் முடிந்ததும் கிளம்பினால் மழை பிடிக்கும்போதுதான் திரும்புவார்கள். போகும்போது ஒவ்வொருவரும் எங்கள் நம்பரைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் "பி.பி. நம்பர்" என்று பெயர். அடுத்தவர் வீட்டுப் போனைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ளும் அந்த உரிமையை எந்தச் சட்டமும் தரவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்தார்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சரசக்கா வருவாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவள். கல்யாணமாகி ஓராண்டு ஆகவில்லை. அவள் புருஷன் பழனிசாமி நாகபுரிப் பக்கம் ஒரு வண்டியில் டிரில்லர். அவர் காலையிலேயே டிரங்க் கால் பதிவு செய்துவிடுவார். அது நான்கு மணிக்கும் வரலாம், ஏழு மணிக்கும் வரலாம். அதுவரை அவள் எங்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. புளி கொட்டை எடுப்பாள், மிளகாய் காம்பு கிள்ளுவாள், அம்மா கொடுத்த எதையும் செய்வாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. யாரும் வேண்டாம் என்றதுமில்லை. மணி அடித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடம் சிரிப்பாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அந்த மனிதர் என்னதான் சொல்வாரோ, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகம் சுருங்கும் அளவுக்குச் சிரிப்பாள். அவள் போனதும் அப்பா ஈரத்துணியால் போனைத் துடைக்கச் சொல்வார். துடைப்பது என் வேலை.

ஒரு ஞாயிறு சீட்டாட வந்த அப்பாவின் கூட்டாளி, கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், வாசலில் காத்திருந்த ஐந்து பெண்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க மாமா, போன் வாங்குனீங்களா, பஸ் ஸ்டேண்டு வெச்சீங்களா? ஒரு டீக்கடையும் போட்டீங்கன்னா நல்லா ஓடுமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்று இரவுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாசலுக்கு வந்தவரை வராதே என்று தம் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் குடும்பப் பெயர் போய்விடும். வேறு யார் வாயாவது சொன்னால் பரவாயில்லை. அப்பா சர்க்காரின் வாயைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அம்மிணி, உன் கையெழுத்து முத்தாட்டம் இருக்குது. நாஞ் சொல்றத எழுது. பேரு கீரு போடாத."

இன்ன நம்பர் போனை ஊரார் எல்லாம் பயன்படுத்துகிறார்கள், இது விதிக்குப் புறம்பு, ஆகவே சந்தாதாரரை எச்சரிக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. தன்னை எச்சரிக்கச் சொல்லித் தானே புகார்! எச்சரிக்கைக் கடிதம் வந்தால் அதைப் பெண்களிடம் காட்டி, "நா என்ன பண்ணட்டும் சாமி, கெவுருமெண்டு வேண்டாங்குதே" என்று கையை விரித்துவிடலாம். அவர் கணக்கு அது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் மனு எழுதும் பாடம் நடந்திருந்தது. முடிவு வலுவாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நான் "எச்சரிக்க" என்பதை விட்டுவிட்டு, "பொதுநலன் கருதி உடனடியாக இணைப்பைத் துண்டிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தேன். அப்பா அதைப் படித்துப் பார்க்காமலே உறையில் போட்டு ஒட்டினார்.

பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மனுக்களை நான் வரைந்திருக்கிறேன். ஒரே வாரத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றின் மீதுதான்.

எச்சரிக்கை வரவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதமும் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை போன் செத்துக் கிடந்தது. அப்பா திருச்செங்கோட்டுத் தொலைபேசி அலுவலகத்துக்கு ஓடினார். "புகார் வந்திருக்குதுங்க, மேலிடத்து உத்தரவு" என்றார்களாம். மில்லுக்கு வர வேண்டிய லாரிகள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல் அப்பா தவித்தார்; திரும்பி வந்து மேல்முறையீடு எழுதச் சொன்னார். முத்தான கையெழுத்து வீட்டில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? அதையும் நான்தான் எழுதினேன்.

மாசி மாதம் ஓர் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். மோர் குடித்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று புகார், மற்றது மேல்முறையீடு. இரண்டையும் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"எழுதுனது யாருங்க? எழுத்து ரெண்டுலயும் ஒரே அழகு."

அப்பா அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார். இன்ஸ்பெக்டரும் வற்புறுத்தவில்லை. தாள்களை மடித்து, "விசாரணையில இருக்குதுங்க, தகவல் வரும்" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்த அப்பா, புகாரின் கடைசி வரிக்காக என் கன்னத்தில் ஒன்று கொடுத்தார். அதன்பிறகு அந்த அலுவலகப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. எந்த முகத்தோடு போவார்?

சரசக்கா மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தாள். "சரியாயிருச்சுங்களா மாமா?" என்பாள். "வரும் சாமி, எழுதியிருக்குது" என்பார் அப்பா. அது பொய் இல்லை. அவள் செத்த போனைப் பார்த்தபடி புளியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். மணி அடிக்காது என்று தெரிந்தும் ஆறு மணி வரை கொட்டை எடுப்பாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை; அந்த ஆண்டு எங்கள் வீட்டில் புளி நிறையச் சேர்ந்தது.

பங்குனியில் போர்வெல் வண்டியின் இரும்பு வடம் அறுந்து பழனிசாமியின் இடுப்பில் அடித்தது. உடனே உயிர் போகவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நினைவோடு கிடந்தார். இதெல்லாம் அவரை அங்கேயே எரித்துவிட்டு, துணிப்பை ஒன்றோடு வந்த வண்டிக் கூட்டாளி சொல்லித்தான் தெரியும். சரசக்காவின் வாசலில் நின்று அவர் அழுதுகொண்டே சொன்னார்:

"தந்தி குடுக்கறோம்னோமுங்க. வேண்டாம்னுட்டான். 'தந்தின்னா பாத்த ஒடனே பயந்துருவா. போனு இந்நேரம் சரியாயிருக்கும், அதுலயே பேசிக்கறேன், சிரிக்க வெச்சே சொல்லிக்கறேன்'னான். மூணு நாளும் கால் போட்டமுங்க. அந்த நம்பரு கட்டு, கட்டுன்னே சொன்னாங்க."

கூட்டத்தில் அப்பாவும் நின்றார். "எல்லாம் இந்த இலாகாக்காரனுகளால வந்தது" என்று உரக்கச் சொன்னார். தெருவே ஆமோதித்தது. மொட்டைக் கடிதம் போட்ட பாவி யாரென்று கண்டுபிடித்தால் நாக்கை அறுக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, என் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் கைபேசி இணைப்பைக் கம்பெனிக்காரர்கள் காரணமின்றி நிறுத்தினார்கள். புகார் செய்தேன், ஒரே நிமிடத்தில் புகார் எண் வந்தது, மறுநிமிடம் "தங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. தீரவில்லை. மேல்முறையீட்டுக்கு ஓர் அதிகாரி, அதற்கு மேல் ஓர் ஆணையம் என்று படிகள் இருக்கின்றன. எனக்கு எல்லாப் படியும் தெரியும், ஏறிக்கொண்டிருக்கிறேன். பி.பி. நம்பர் என்றால் என்னவென்று என் பேத்திக்குத் தெரியாது. யாரும் யார் வீட்டுப் போனுக்காகவும் காத்திருப்பதில்லை, ஆகவே யாரையும் விரட்ட வேண்டியதும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அந்தப் போன் மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. எண்ணெய் வாசம் இல்லை, நான்தான் நன்றாகத் துடைத்துவிட்டேனே. அதன் அடியில் இலாகாவின் பதில் இருக்கிறது.

அந்தப் பதில் வந்த நாளில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னத்தில் வேப்பிலைப் பற்றோடு வீட்டில் தனியாகக் கிடந்தேன். மில் லாரியில் தெருவையே ஏற்றிக்கொண்டு அப்பா பள்ளிபாளையத்துக்குப் போயிருந்தார், ஆண்டுதோறும் போவதுபோல. பதிவுத் தபாலைச் சிறுமியிடம் கொடுக்க முடியாது என்றார் தபால்காரர். விதி தெரிந்தவர். பெரியவர்கள் யாராவது வேண்டும் என்று தெரு முழுக்கத் தேடி, இருந்த ஒரே ஒருத்தியைக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சரசக்கா உறையை என்னிடம் நீட்டினாள். "என்ன சாமி போட்டிருக்குது?"

இங்கிலீஷில் இருந்தது. தட்டுத் தடுமாறிப் படித்தேன். பெயர், முகவரி இல்லாத புகாரின் மீது விதிப்படி நடவடிக்கை எடுத்திருக்கக் கூடாது என்றும், துண்டிப்பு ரத்து செய்யப்படுவதாகவும், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகவும் இருந்தது. நான் நடுவில் இருந்ததை மட்டும் சொன்னேன்.

"போன் மறுபடியும் வருமாமுங்கக்கா."

அவள் என் தலையைத் தடவினாள். "வரட்டும் சாமி. வாசல்ல இன்னும் நாலு பேரு காத்துக் கெடக்கறாங்க. அவங்களாச்சும் சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெறிச்சோடிக் கிடந்த தெருவில் தன் வீட்டை நோக்கி நடந்தாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்நேரம் காவிரிக்கரையில் உட்கார்ந்து பழைய தாலிக்கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு மாற்றிக்கொண்டிருப்பார்கள். உறையின் மேல் தபால் முத்திரை அழிந்துவிட்டது. தேதியை அதில் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அன்று ஆடிப் பதினெட்டு.