பருத்திப் புழுவுக்கு மட்டும் வந்த பதில்

வால்வு சூடேறும்போது பஞ்சாயத்து ரேடியோவிலிருந்து தூசி கருகும் வாசனை வரும். குரல் அதற்குப் பிறகுதான் வரும். புதுச்சத்திரத்தை அடுத்த எங்கள் ஊரில் பஞ்சாயத்து குமாஸ்தாவாக இருந்த அப்பாதான் அதன் குமிழைத் திருப்புவார். மாலையில் "வெள்ளாமைப் பேச்சு" என்று நாங்கள் அழைத்த நிகழ்ச்சியில் இருவர் எருவையும் விதையையும் பற்றி ஊர்ப் பேச்சில் வம்பளக்கும்போது ஒலிபெருக்கியின் கீழ் உட்கார இடமிருக்காது. செய்தி தொடங்கி அச்சுத் தமிழ் கேட்டதும், "எந்திரிங்கப்பா, இனி வாத்தியாருங்க சமாச்சாரம்" என்று துண்டை உதறிக்கொண்டு கலைவார்கள்.

சீனப் போரின்போது பாவாயி அம்மாள் மட்டும் எழவில்லை. பட்டாளத்தில் இருந்த ஒரே மகன் முத்துவிடமிருந்து கடிதம் வருவது நின்றிருந்தது.

"ஏனுங்க, என்ற பையனப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்கக்கா. நம்ம படை பின்னால வந்துருச்சுன்னாங்க" என்றார் அப்பா.

"அப்ப ஊட்டுக்கு வந்துருவானுங்களா?"

அப்பா குமிழைத் திருப்பி ரேடியோவை நிறுத்தினார்.

ஒருநாள் பாவாயி அம்மாளே வழி சொன்னார். "செய்தி படிக்கறவரு ஆரோ எவரோ. வெள்ளாமை சொல்றவரு நம்மாளாட்டப் பேசறாரு. அவரக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."

"அவரு என்ன உன்ற தம்பியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சீண்டினார்.

"தம்பியாட்டத்தானே பேசறாரு!"

அப்பா அஞ்சலட்டை எழுதினார். ரேடியோக்காரர்கள் அதை ஒதுக்கிவிடக் கூடாதே என்று, பாவாயி அம்மாளின் பருத்தியில் விழுந்திருந்த காய்ப்புழுவைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தார்.

"நம்ம பாவாயியம்மா எழுதியிருக்காங்க" என்று ஒரு மாலை ரேடியோ சொன்னபோது, வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல் அவர் எழுந்து நின்றார். குரல் பரிவோடு புழுவுக்கு மருந்து சொன்னது, கலக்கும் விதத்தைச் சொன்னது. பிறகு பாட்டு வந்தது. அப்பா ரேடியோவை நிறுத்தும்வரை அந்த அம்மாள் உட்காரவில்லை.

"இன்னைக்கு நேரம் பத்தலையாட்ட இருக்குது, சாமி. நாளைக்குச் சொல்லுவாரு" என்றார் என்னிடம். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும்.

கடைசியில் வந்த தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்ட அப்பா, எந்தத் தமிழில் சொல்வதென்று தெரியாமல் பாவாயி அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று.

இன்று ஒலிபெருக்கியும் இல்லை, அதன் கீழ் கூடிய கூட்டமும் இல்லை. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி. தொடர்களில் எங்கள் பேச்சே கேட்கிறது. எல்லையில் சண்டை என்றால் செய்தி வாசிப்பவர்கூட வீட்டு ஆளைப்போல் உருகுகிறார். யாரும் எழுந்து போவதில்லை. அவருக்கு எழுதிக் கேட்டால் பிள்ளையின் சேதி தெரியும் என்று நம்பத்தான் எங்கள் ஊரில் இப்போது ஆளில்லை.