அண்ணி சரிசெய்த ப்ளகின்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு பெண்கள். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் யார் பக்கம் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் இசைத்தாள் தயாரிக்கிறவர்கள். இசையமைப்பாளர் கையால் கிறுக்கித் தருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வயலினுக்குத் தனி, புல்லாங்குழலுக்குத் தனி என்று வாத்தியவாரியாகப் பிரித்து இசைக்குழுக்களுக்கு அனுப்புவோம். ஏற்றுவது அண்ணி. அவள் ஏற்றியதில் பிழை பார்ப்பது அவளுடைய நாத்தனார், அதாவது அவள் கணவனின் தங்கை. நாத்தனார் அண்ணி அண்ணி என்று கூப்பிடப்போய், முதலாளி முதல் டீக்காரர் வரைக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர் சிவப்புப் பென்சில். அவள் காதில் விழாமல்தான் சொல்லுவோம். அச்சடிப்பதும் வெட்டித் தைப்பதும் என் வேலை.

இரண்டு பேரும் ஒரே வீடு. கீழே அண்ணியும் அவள் கணவனும், மாடியில் நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்தவள் அவள். வந்த மாதமே மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். அந்த அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிகிறது. அண்ணி கையால் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிப்பதைவிடப் பட்டினி கிடப்பேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். இத்தனைக்கும் நான் அதைக் கேட்கவே இல்லை.

அலுவலகத்தில் அவர்களுக்குள் நேர்ப்பேச்சு கிடையாது. நாத்தனார் தாளில் வட்டம் போடுவாள், காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி. அண்ணி அதை எடுத்து முணுமுணுத்துக்கொண்டே திருத்துவாள். முணுமுணுப்பில் அவள் மாமியார் வீட்டு வம்சமே இழுபடும். திருத்தியான பிறகு வட்டம் போட்ட தாள்கள் என் குப்பைக்கூடைக்கு வரும். எத்தனை வட்டம் என்று முதலாளிக்குத் தெரியாது. அவர் கண்ணில் படுவதெல்லாம் சுத்தமான கடைசித் தாள்தான்.

அந்த முதலாளிதான் ஒருநாள் பிழை பார்க்கும் ப்ளகின் ஒன்றை வாங்கி வந்தார். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சின்ன நிரல் அது. ஸ்வரங்களை இணைக்காமல் பாதியில் தொங்கும் வளைகோடு, தாளக் கணக்கில் குறையும் ஸ்வரம், அந்த வாத்தியத்தால் எட்டவே முடியாத ஸ்வரம், எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் திரையில் சிவப்புக் கட்டம் போடும் என்றார். இது சரியாக ஓடிவிட்டால் பிழை பார்க்கத் தனியாக ஆள் எதற்கு என்றும் சொன்னார், நாத்தனார் பென்சில் சீவிக்கொண்டிருக்கும்போதே. ஓடவைக்கும் பொறுப்பை அண்ணியிடம் கொடுத்தார்.

அண்ணி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் வீட்டு விசேஷத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அந்தச் சனியன் லேசில் ஓடவில்லை. முதலில் மெனுவிலேயே பெயர் வரவில்லை. மென்பொருளின் பழைய பதிப்புக்கான ஃபோல்டரில் போட்டிருக்கிறாள் என்று தெரிந்து இடம் மாற்றினாள். பெயர் வந்தது, ஆனால் தொட்டவுடன் மென்பொருளே மூடிக்கொண்டது. ப்ளகினைச் செய்தவனுக்கு மெயில் எழுதினாள். உதவிப் பக்கத்தைப் படியுங்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அண்ணி திருப்பி எழுதியதை என்னிடம் படித்துக் காட்டினாள். அவன் அம்மா அதைப் படிக்காமல் இருக்கவேண்டும்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏற்கெனவே போட்டு வைத்திருந்த மற்ற ப்ளகின்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்து ஓட்டிப் பார்த்தாள். பக்க எண் போடும் பழைய ப்ளகின் ஒன்றுதான் புதியதோடு முட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி எறிந்தாள். அப்புறமும் புல்லாங்குழல்காரர் நடுவில் சின்னக் குழலான பிக்கலோவுக்கு மாறினால், எட்டாத ஸ்வரம் என்று ப்ளகின் அலறியது. அதற்கும் செட்டிங்ஸில் ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து வாயை அடைத்தாள். இந்தப் பாடுபட்டு அவள் தன் சொந்த வேலையைக்கூடப் பார்த்ததில்லை. நாத்தனார் தலை நிமிரவே இல்லை. பென்சில் முனை மட்டும் அடிக்கடி உடைந்தது.

பிறகு அண்ணி பழைய வேலைகளைத் திறந்து ப்ளகினை ஓட்டினாள். எங்கேயாவது ஒரு சிவப்புக் கட்டம் வந்தால் அதிசயம். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க சார், எவ்வளவு சுத்தமா இருக்கு. இதுக்குப் போயி ஒரு ஆளு தேவையா?"

நான் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஓட்டிக் காட்டியதெல்லாம் நாத்தனார் வட்டம் போட்டு, திருத்தி முடித்து, அனுப்பியான வேலைகள். பெருக்கி முடித்த வீட்டில் குப்பை தேடி, பார்த்தாயா என் வீட்டில் குப்பையே விழுவதில்லை என்கிறாள். அந்த வேகத்தில் அவளுக்கு இது உறைக்கவே இல்லை.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழசு போதும், நேற்று முடித்தீர்களே அந்த நாட்டிய நாடக வேலை, அதை ஓட்டுங்கள் என்றார். அது இன்னும் நாத்தனார் கைக்குப் போகாத வேலை. அண்ணி கெத்தாகத்தான் பொத்தானை அழுத்தினாள்.

திரை முழுக்கச் சிவப்பு. பக்கம் தள்ளத் தள்ள சிவப்பு. வயலினைவிடப் பெரிய வயோலாவின் தாளில் சிவப்புக்கு நடுவே ஸ்வரத்தைத் தேடவேண்டியிருந்தது. முதலாளி குரலை உயர்த்தவில்லை. இந்த லட்சணத்தில்தான் இத்தனை வருடமாக வேலை நடக்கிறதா என்று கேட்டார். பிழை பார்க்க ப்ளகின் இருக்கும்போது, ஏற்றுவதற்கு இதைவிடச் சுத்தமாகச் செய்கிற சின்ன வயசுக்காரர்கள் கிடைப்பார்கள் என்றார். அப்புறம் நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"நீங்க சொல்லுங்க. இது காட்டுறது சரியா, தப்பா?"

அவள் எழுந்து வந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணியின் கதை அன்றோடு முடிந்தது. ஆனால் சரி என்றால் ப்ளகினும் சரி. அவள் கதையும் கூடவே முடிந்தது. திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த வளைகோடு என் இடத்திலிருந்து எனக்கே தெரிந்தது.

"தப்பு சார். சும்மா கத்துது. இதெல்லாம் இசையமைப்பாளர் வேணும்னே எழுதுனது. மெஷினுக்கு எங்க புரியப்போவுது?"

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னாள். முதலாளி அண்ணியிடம் திரும்பினார்.

"நீங்கதானே அருமையா ஓடுதுன்னீங்க?"

அண்ணி ராப்பகலாக உழைத்து எழுப்பியதைத் தன் வாயாலேயே இடிக்கவேண்டும், அதுவும் நாத்தனார் சொன்னதற்கு ஆமாம் போட்டு.

"தப்பாத்தான் காட்டுது சார். நான் சரியாக் கவனிக்கல."

முதலாளி அந்த ப்ளகினைச் செய்தவனைத் திட்டினார், விற்றவனைத் திட்டினார், எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் திட்டினார். அதை எடுத்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டும் போய்ப் புதிதாக இரண்டு வந்து, அவற்றின் சண்டையை முதலிலிருந்து கற்றுக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

கதவு சாத்தியதும் நாத்தனார் அண்ணியிடம் நேராகப் பேசினாள். அந்த அறையில் அப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்களக் காப்பாத்தணும்னு சொல்லல அண்ணி. வேலை போயி உங்க சமையல்கட்டுல வந்து நிக்க முடியாது, அதுக்குச் சொன்னேன்."

"எனக்கு மட்டும் உன்ன அங்க நிக்கவெச்சு நாள் பூரா பாக்கணும்னு ஆசையா?" என்றாள் அண்ணி.

ப்ளகின் போகவில்லை. அண்ணி அதைத் தன் கம்ப்யூட்டரில் ஒளித்து வைத்துக்கொண்டாள். முதலாளி வெளியே போகும் நேரம் பார்த்து ஓட்டுவாள், சிவப்பையெல்லாம் திருத்துவாள், பிறகுதான் தாளை நாத்தனாருக்குக் கொடுப்பாள். நாத்தனார் வட்டம் போட இடமில்லாமல் பக்கங்களைப் புரட்டினாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட, சும்மா உட்கார்ந்திருப்பவளை முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக இரண்டொரு தரம் பார்த்தார். அண்ணியும் அதைக் கவனித்தாள்.

அடுத்த வேலையிலிருந்து தாள்களில் பிழை திரும்ப வந்தது. சாதாரணப் பிழை இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடவேண்டிய பிழைகள். அண்ணி கையால் நட்டு வைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டதற்கு, தேடட்டும், கழுத்து ஒடியட்டும் என்றாள். நாத்தனாரும் விடவில்லை. ஒன்றுவிடாமல் பிடித்து, பழையபடி காகிதம் கிழிய வட்டம் போட்டு, தாளை அண்ணி மேசையில் விட்டெறிந்தாள். அண்ணி மாமியார் வீட்டை இழுத்து முணுமுணுத்தாள். எனக்கும் பழைய தலைவலி வந்து சேர்ந்தது.

ஒரே ஒருநாள் ஒரு பிழை அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. இரண்டாம் வயலின் தாள் வட்டமே இல்லாமல் என் கைக்கு வந்துவிட்டது. நான் அச்சடிக்கப் போனபோது அண்ணி எழுந்து வந்து அதை வெடுக்கென்று பிடுங்கி, நாத்தனார் மேசையில் போட்டாள்.

"கண்ணு எங்க போச்சு? இன்னொருவாட்டி பாரு."

நாத்தனார் வரிவரியாகப் பார்த்தாள். கடைசி வரியில் பென்சில் நின்றது.

"இத வேணும்னுதானே வெச்சீங்க?"

"ஆமா. இல்லேன்னா உனக்கு இங்க என்ன வேலை?"

நாத்தனார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காகிதம் கிழியாமல், மெதுவாக அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.