பாண்டி பஜார் புற்று

பாண்டி பஜார் நடைபாதையில் ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்றை மாநகராட்சிக்காரர்கள் ஃபைபரில் செய்து வைத்தார்கள். ‘இயற்கை’ என்று பலகை வேறு. மயில், மான் எதுவும் கிடைக்கவில்லையா அவர்களுக்கு? நம்ம ஊரில் புற்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் சனங்கள் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுவார்களாக்கும்! ஆடி முதல் வெள்ளியன்றே பால், முட்டை, மஞ்சள், குங்குமம் எல்லாம் வந்துவிட்டன.

துடைக்கிற வேலை, நடைபாதையைப் பெருக்கும் பிரிஸில்லா தலையில் விழுந்தது. கூட வேலை செய்த பெண்கள் அந்த மஞ்சளில் கை வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“நீ சர்ச்சுக்குப் போறவதானே, உனக்கு இன்னா பயம்?” என்றார் மேஸ்திரி வெள்ளைத்துரை. “வர்ற வெள்ளிக்கிழம பெரிய ஆபீசருங்க பாக்க வர்றாங்க. மஞ்சக்கறை கீதுன்னு வெச்சுக்கோ, உன்ன நிறுத்திடுவாங்க.”

ஐம்பத்திரண்டு வயதில் பிரிஸில்லாவுக்கு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்?

தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பூசினார்கள். எதிர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அன்புச்செல்விதான் அதில் முதல் ஆள். “யம்மா, இது புத்து இல்ல, பிளாஸ்டிக்கு” என்று அவளிடம் சொல்லிப் பார்த்தாள் பிரிஸில்லா.

“கல்லுல செஞ்சா கும்புடுறோம், பிளாஸ்டிக்குல செஞ்சா கும்புடக் கூடாதாக்கா?” என்றாள் அன்புச்செல்வி. பிரிஸில்லா மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள்.

வியாழன் மதியம் பசியோடு வந்து, புற்றின் ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டாள். சாப்பாட்டு டப்பாவை அவள் வைப்பது அங்கேதான். பின்னால் “ஐயோ!” என்று ஒரு சத்தம். பால் சொம்போடு அன்புச்செல்வி.

“அக்கா! கைய விட்டும் உள்ள இருக்கிற ஆத்தா உங்கள ஒண்ணும் பண்ணலியே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டப்பாவை எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை. பிரிஸில்லா டப்பாவை உள்ளேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் வெளியே எடுத்தாள்.

“மேல மஞ்ச பூசுறது அதுக்குப் புடிக்கலியாம்” என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. அன்று மதியம் அவள் பட்டினி.

மறுநாள் புற்று பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். “சூப்பர்மா!” என்றார் வெள்ளைத்துரை. வேலை தப்பியது.

சாயங்காலம் அன்புச்செல்வி இருபது பெண்களோடு வந்தாள். புற்றை ஒருத்தியும் தொடவில்லை. நேராகப் பிரிஸில்லாவின் காலடியில் உட்கார்ந்து கணுக்கால்வரை மஞ்சளை அப்பினார்கள். “ஐயையோ, எழுந்திருங்கம்மா!” என்று கத்தினாள். யார் கேட்டார்கள்?

புற்றைத் தேய்த்த அதே பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்தும் கறை போகவில்லை. ஞாயிறு பூசைக்கு, அந்த வெயிலிலும், சாக்ஸ் மாட்டிக்கொண்டு போனாள். பாவம் மனதில் இருந்தால் வாங்கக் கூடாத நற்கருணை அப்பத்துக்கு எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். பிரிஸில்லா எழுந்திருக்கவில்லை.