நார்ப் பயிருக்கு ஒரு தீர்மானம்

என் தம்பி முழுசாக ஒரு வருஷம் என்னோடு இருந்தது அந்த ஒரு தடவைதான். மற்றபடி அவன் வருவதும் போவதும் விருந்தாளிக் கணக்கு. பெட்டியைக்கூட முழுக்கப் பிரிக்க மாட்டான். அந்தத் தடவை மட்டும் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டுக் காலிப் பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டான். நான் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சந்தோஷம்தான், வேறென்ன.

காரைக்கால் சொந்தக்காரர் ஒருவர் மூலம் பிரான்சுக்குப் போனவன் அவன். அங்கே ஒரு நார் ஆலையில் மூட்டை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினான். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். என் கல்யாணம் நிலைக்கவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். எங்கள் வயல் திருவாரூருக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் விசாரித்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடையில் இருக்கிறது. அதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த மறுநாளே மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ பாடுபட்டது போதும்க்கா, இனிமே நான் பாத்துக்கறேன்" என்றான்.

அந்த வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் ஓயாது. விடிந்ததும் வயலுக்குப் போவான். திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறும் வாய் நிறையப் பாட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கறி வாங்கிவந்து, நான் வைக்கிற குழம்பில் குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு போட்டுக்கொள்வான். "அங்க போயி நாக்கு செத்துப்போச்சா, இல்ல கொழுப்பேறிப்போச்சா?" என்று திட்டுவேன். திட்டுவதற்கு வீட்டில் ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தனியாக இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சம்பா நன்றாகத்தான் விளைந்தது. வினை கொள்முதல் நிலையத்தில் வந்தது. நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினால் சாக்கு இல்லை என்றார்கள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாள் ஓடியது. எங்கள் குவியலுக்குப் பக்கத்தில் ஊரே குவியல் குவியலாகக் காத்துக்கிடந்தது. பருவம் தப்பிய மழை வந்தது. தார்ப்பாய் போட்டு என்ன பயன், கீழே ஓடிய தண்ணீரில் அடி நெல் முளைத்துவிட்டது. முளைத்த நெல்லைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு தம்பி நின்றான். நான்தான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அங்கேதான் அந்த யோசனை அவனுக்கு வந்தது. "நெல்லு விளையுற ஊர்ல சாக்குக்கு நாரு விளையக் கூடாதாக்கா?" என்றான். அவன் ஆலைக்கு வந்த நார் ஹெம்ப் என்கிற பயிரிலிருந்து வருவது. கஞ்சா குடும்பம்தான், ஆனால் போதை இல்லாத ரகம், நாருக்காகவே போடுவது. அங்கே சாலையோரமே வயல் வயலாக நிற்குமாம். வேலி கிடையாது, காவல் கிடையாது. நம் மேட்டு வயலில் போட்டுப் பார்க்கலாம் என்றான். "ஊருக்குள்ள சாக்குத் தைக்கிற பட்டறை ஒண்ணு வச்சிட்டா அப்பறம் நான் ஏன் அங்க போறேன்?" என்றான்.

பிரான்சில் தங்க அவனுக்குக் கொடுத்திருந்த கார்டு அடுத்த வருஷம் முடிகிறது. திரும்பிப் போய்ப் புதுப்பிக்காவிட்டால் அந்த ஊர்க் கதவு மூடிவிடும். மூடட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். அந்தப் பயிர் கழுதையோ குதிரையோ, எனக்கென்ன? அது முளைத்தால் என் தம்பி ஊரோடு இருப்பான். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

வேளாண்மை அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி நல்ல மனுஷர், சிரிக்காமல் கேட்டார். "தம்பி, நம்ம மாநிலத்துல இதுக்கு அனுமதி இல்ல. வடக்க மலைப்பக்கம் லைசென்ஸ் குடுக்கறாங்க, இங்க கிடையாது. விதை ஒண்ணு முளைச்சாலும் போலீஸ்தான் வரும். ஊர்ல தீர்மானம் போட்டுக் கொடுத்தீங்கன்னா மேல அனுப்பி வைக்கிறேன். வேற ஒண்ணும் என் கையில இல்ல" என்றார்.

அவர் எங்களை அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் ஊருக்குத் தீர்மானம் என்றால் தனி நம்பிக்கை. எண்ணெய்க் கிணறு தோண்ட ஆள் வந்தபோது கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம், கிணறு வரவில்லை. அது எங்கள் தீர்மானத்தால்தான் நின்றதா என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. தடுக்க முடிந்தால் கொண்டுவரவும் முடியும்தானே என்று அக்காவும் தம்பியும் நம்பினோம். அசட்டுத்தனம்தான்.

மே தினத்துக் கிராம சபைக்கு முன்னால் அவன் வீடு வீடாகப் போனான். அங்கிருந்து கொண்டுவந்த ஹெம்ப் சட்டையைப் போட்டுக்கொண்டு, "தொட்டுப் பாருங்க, இதுதான் அந்த நாரு" என்று காட்டினான். பெண்கள் கையைப் பிடித்துத் துணியைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஏறலியேப்பா!" என்றார். தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான். வயலுக்குப் போனால், "என்னா மாப்ளே, செடி எப்ப நடறே? எங்களுக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வை" என்று கேலி. சிரிக்கிற ஊர் கை தூக்கும் என்று நான் நினைத்தேன்.

கிராம சபை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நடந்தது. ஊராட்சித் தலைவர் ஒரு அம்மா. அவருக்குப் பதிலாகப் பேசுகிறவர் வழக்கம்போல அவருடைய கணவர். குடிதண்ணீர், தெருவிளக்கு, வாய்க்கால் தூர்வாருவது எல்லாம் முடிந்து தம்பியின் முறை வந்தது. அழகாகப் பேசினான். சாக்கு இல்லாமல் நனைந்த நெல்லைச் சொன்னான். கூட்டத்தில் தலைகள் ஆடின. நான் ஜெபமாலையைப் புடவைத் தலைப்புக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது சின்னம்மா எழுந்தாள். சொந்தமில்லை, பக்கத்து வயல்காரி. சின்ன வயசிலிருந்தே சின்னம்மா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இல்லை. ஒரே மகன். அவன் வெளியூரில் படிக்கப்போன இடத்தில் கஞ்சாவில் விழுந்து, படிப்பு போய், புத்தி பேதலித்து, வீட்டு உள்ளறையில் வருஷக்கணக்காகக் கிடந்தவன். மருந்து பிடித்து அந்தக் கோடையில்தான் வெளியே தலைகாட்ட ஆரம்பித்திருந்தான்.

"தம்பி பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல" என்றாள் சின்னம்மா. "அது வேற ரகம், போதை இல்லன்னு சொல்லுது. இருக்கட்டும். இலை ஒண்ணுதானே? எம்மவன் இப்பதான் வயலுக்கு வர்றான். தெனம் ஒங்க மேட்டு வயல் வரப்புலதான் வரணும். அந்த இலையப் பாத்துக்கிட்டே வரணும். அவனுக்கு ரகம் தெரியுமா தம்பி? எனக்கு வேற வரப்பு இல்ல."

குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் நான் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன்.

தலைவரின் கணவர் தொண்டையைச் செருமிவிட்டு, "அப்படின்னா மாத்தி எழுதிடுவோம். அந்த இனத்துச் செடி எது ஒண்ணையும் நம்ம ஊராட்சி எல்லைக்குள்ள பயிர் பண்ணக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க" என்றார். கைகள் எழுந்தன. நான் தம்பியைப் பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் தூக்கியவன் அவன்தான் போலிருக்கிறது. அதற்குள் அவன் கை மேலே இருந்தது.

நான் தூக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் தூக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஊரு தூக்கட்டும்டா, நீ ஏன் தூக்கினே? உன் வாயில என்ன கொழுக்கட்டையா? ரெண்டு வயல் தள்ளிப் போடறேன்னு சொல்லக் கூடாது?"

"ரெண்டு வயல் தள்ளினாலும் அவன் கண்ணு போவும்க்கா. அந்தம்மா மொகத்தப் பாத்துக்கிட்டு நான் எப்படிக் கைய மடக்கி வச்சிருக்கிறது?"

"என் மொகத்தப் பாத்தியா?"

அன்று ராத்திரி அவன் குழம்பில் குறை சொல்லவில்லை.

வேறு வழிகளைப் பேசிப் பார்த்தோம். மீன் வளர்க்கலாம் என்றேன், மாடு வாங்கலாம் என்றேன். தலையை ஆட்டுவான், மனசு ஒட்டவில்லை. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட சேதி வந்தும் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேராமலிருந்த நாட்களில் ஒரு நாள் அவன் பரணில் ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதையும் செய்யத்தான் வேண்டியிருந்தது. வயலைச் சின்னம்மாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனான். "சின்னம்மா மவன் ரெண்டு வயலையும் சேத்துப் பாக்கட்டும்க்கா, வேலை கூட இருந்தா நல்லதுதான்" என்றான்.

அவனை ஏற்றிப்போன கார் திருப்பத்தில் மறைந்த பிறகும் நான் வாசலில் நின்றேன். சின்னம்மா வந்து பக்கத்தில் நின்றாள். "ஒன் தம்பிய நாந்தான் அனுப்பிட்டேன்" என்றாள்.

இல்லை என்று சொல்வதுதான் மரியாதை. எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம் சின்னம்மா, நீங்கதான்" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. போகவும் இல்லை. உள்ளே வந்து, அவன் சாப்பிட்டு வைத்த தட்டைத் தேய்த்து வைத்தாள். காபி போட்டாள். இருவரும் குடிக்காமல் ஆற விட்டோம். வெயில் தாழும் வரை என்னோடு உட்கார்ந்திருந்தாள். நான் அழுதபோது அவளும் அழுதாள்.

அந்தி சாயும் நேரம் வாசலில் குரல் கேட்டது. வருஷக்கணக்காக அந்தத் தெரு கேட்டறியாத குரல்.

"அம்மா, பசிக்குது. வா."

சின்னம்மா விழுந்தடித்து எழுந்தாள். என்னைப் பார்த்தாள், போகட்டுமா என்று கண்ணால் கேட்டாள்.

"போங்க சின்னம்மா, புள்ள பசியோட நிக்குது" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் போன பிறகு எனக்கு மட்டும் சோறு வடித்தேன்.