ரெபேக்கா சிஸ்டர் நடந்த ஆறு

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் ஜீப் கிளப் குமரேசன். "வாத்தியாரே, சிஸ்டர் பூட்டாங்கப்பா" என்றான். கரும்பலகையில் பாதிக் கணக்கை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அரசு மருத்துவமனை ரெபேக்கா சிஸ்டரை உங்களில் பலருக்கு ஊசியோடுதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் வேறு. ஏலத்தில் எடுத்த பழைய ஜீப், காலில் ரப்பர் செருப்பு, பின்னால் ஒரு வடக்கயிறு, தேருக்குப் போடுவதுபோல் இரண்டு முட்டுக்கட்டைகள். ஐந்து ஜீப்களில், சாலையே இல்லாத இடமாகத் தேடிப் போகும் எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண். நிதானம் இருந்ததும் அவர் ஒருவருக்குத்தான். ஆறோ சேறோ, முதலில் இறங்கி நடப்பார். "கால் போவாத எடத்துக்கு டயரை அனுப்பாதீங்கப்பா" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில், மழை விட்ட ஒரு ஞாயிறு. மாகறலில் செய்யாற்றைக் கடப்பதாகத் திட்டம். எனக்குச் சொந்த ஜீப் கிடையாது, மாமனாரிடம் இருந்தது. சின்னக் காஞ்சிபுரத்தில் ஆசாரத்துக்குப் பெயர்போன அவரிடம், கூரத்தாழ்வானைச் சேவிக்கக் கூரம் போவதாகப் புளுகினேன். புளுகுக்குப் பொருத்தமாகத் திருமண்ணும் ஜரிகை வேட்டியும் வேறு. முந்தின நாளே, திருப்பதி யாத்திரைக்குப் போல, டயர்களில் காற்றைத் திணித்து வைத்திருந்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று.

ஆற்றைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முழங்காலுக்குக் கீழே தண்ணீர், ஐந்து எஞ்சின்களும் ஒன்றாக உறுமுகின்றன! சிஸ்டர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கரை வரை நடந்து திரும்பினார்.

"எடது பக்கம் மணலு பொதையுது. நீயும் ஒருதபா நடந்து பாத்துடு வாத்தியாரே."

வேட்டி நனைந்தால் வீட்டில் என்ன சொல்வது? தலையை ஆட்டிவிட்டு, நடக்காமலே ஓட்டினேன். அக்கரையை நெருங்கும்போது இடது சக்கரங்கள் இறங்கின. மிதித்தேன், இன்னும் இறங்கின. கரையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர் கத்தினார்: "யோவ், தண்ணி ஏறிக்கினு வருதுய்யா!"

தண்ணீர் ஜீப்பின் படியைத் தொட்டது. சாமியைக் கும்பிடத் தோன்றவில்லை. மாமனாரின் முகம்தான் கண்முன் நின்றது. சிஸ்டர் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடு! டயரு கல்லு மாதிரி கீது. மணல்ல ஓட்ட எவன்யா இவ்ளோ காத்து அடிச்சது?"

நான்கு டயரிலும் பாதிக் காற்றை அவரே இறக்கினார். வடத்தை ஜீப்பில் கட்டி மறுமுனையைக் கரைக்கு எறிந்தார். அங்கே கூடியிருந்த ஊர்க்காரர்களின் கைகள் தேர் இழுத்துப் பழகியவை. கரைச் சரிவில் ஓர் இழுப்புக்கு ஒரு முட்டுக்கட்டை, வண்டி பின்னுக்கு வராதபடி சக்கரத்தடியில் அவரே போட்டுக்கொண்டு வந்தார். ஜீப் மேட்டில் ஏறியபோது நான் போட்ட கூச்சலில் தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது.

சுற்றுவழியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். சிஸ்டர் விடவில்லை.

"பயத்தோட வூட்டுக்குப் போனா அப்பால ஸ்டியரிங்கையே தொடமாட்ட. தண்ணி வடியட்டும். நடந்து பாத்துட்டு, இதே ஆத்துல ஓட்டிக்கினு போ."

மாலையில் வடிந்தது. வேட்டியோடு நடந்தேன். பிறகு ஓட்டினேன், கடந்தேன்! அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை. வீட்டில் மன்னிக்க வேண்டும்.

மாமனார் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏன் மாப்பிள்ளை, கூரத்துல ஆறு எப்போ வந்தது?" உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சிஸ்டரே வீட்டுக்கு வந்தார். என்ன பேசினாரோ, அடுத்த ஞாயிறு மாமனார் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார், மடியில் புளியோதரைத் தூக்கோடு.

அடக்கத்தன்று விடியும்வரை மழை. சிஸ்டரின் பெட்டியை அவருடைய ஜீப்பிலேயே ஏற்றினோம். குமரேசன் ஓட்டினான். கல்லறைக்குப் போகும் மண்பாதை முழுக்கத் தண்ணீர். அவன் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து ஒன்றுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மறுமுனை வரை நடந்து, தரை கெட்டியென்று பார்த்து, கையைக் காட்டினேன். சிஸ்டரின் ஜீப் மெதுவாக வந்தது.