எள்ளுச் சாந்தில் ஒரு சிட்டிகை மாசி

உயிருள்ள எதிலிருந்தும் வந்த உணவைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்த ஒரு மனிதருக்கு, நாற்பது நாள் நான் மீன் ஊட்டினேன். தெரிந்தே ஊட்டினேன்.

இதை எழுதும்போதும் என் கைப்பக்குவத்தில் எனக்குள்ள நம்பிக்கை குறையவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருந்த அந்தச் சிறிய விடுதியில் என்னைப்போல் எள்ளு அரைத்தவன் எவனுமில்லை.

நான் சாம்பல்தீவான். அப்பா கரைவலை இழுப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வெள்ளைக்காரரோடு ஆங்கிலம் கதைப்பதற்காகவே முதலாளி என்னை வேலைக்கு வைத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், எழுபத்தைந்தில், ஒரு வாடைக்காற்றுக் காலம், மழை. யோஹான் என்ற பழைய கப்பல் பொறியியலாளர் ஒருவர்தான் அப்போது விடுதியில் தங்கியிருந்தார். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், தேநீரில் பாலும் வேண்டாம் என்றார். எங்கள் சமையற்காரர் கிண்ணியா காசிம் நானா கையை விரித்துவிட்டார்.

"பாலும் குடியாத மனிசனுக்கு நான் என்னத்தச் சமைக்க, தம்பி? உங்கட இங்கிலீசால சமைச்சுக் குடுங்க."

கொடுத்தேன்! அரபுத் துறைமுகங்களில் பச்சைக் காய்களோடு எள்ளுச் சாந்து தின்ற கதையை யோஹான் சொன்னார். அந்தக் கதையைக் கேட்டே நான் வழி கண்டுபிடித்தேன். எள்ளை ஊறவைத்துக் கசக்கித் தோல் நீக்கினேன். உலர்த்தி, இளம் சூட்டில் வறுத்து, பொரியத் தொடங்குமுன் இறக்கினேன். அம்மியில் எண்ணெய் கக்கும்வரை அரைத்து, உள்ளிப்பூண்டும் உப்பும் சேர்த்தேன். தேசிக்காய்ப் புளி பட்டதும் சாந்து இறுகும். அப்போது பயந்துவிடக் கூடாது. தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் வெளுத்து இளகும். அதை வெள்ளரிக்காய், தக்காளி, வல்லாரை, மெல்லியதாய் அரிந்த கோவா இலை இவற்றின் மேல் ஊற்றினேன்.

பிறகு... என் கை மாசித் தகரத்துக்குப் போனது.

நீங்கள் இந்த ஊர்க்காரர் என்றால் உங்களுக்கு விளங்கும். நம் குசினியில் பச்சை இலையை அரிந்து தேசிக்காய் பிழிந்தால், அடுத்தது இடித்த மாசிதான், புகையூட்டிக் காயவைத்த சூரைமீன். உப்புப் போடுவதுபோல அதையும் போடுகிறோம். உப்புப் போடும்போது யாராவது யோசிப்பார்களா? நானும் யோசிக்கவில்லை.

யோஹான் தட்டை விரலால் வழித்துச் சாப்பிட்டார். இந்தப் புகைமணம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டார். அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

"எள்ளு வறுத்த மணம்" என்றேன்.

குசினிக்கு ஓடி, மாசி மீன்தானா என்று காசிம் நானாவிடம் கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி! தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "மாசி மாசிதான் தம்பி. மீனெண்டாக் கறியில கிடக்கும்" என்றார். பிறகு துருவலை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அந்த மனிசன்ட தட்டுலயா போட்டீங்க? போய்ச் சொல்லுங்க."

நான் போகவில்லை. இந்த ஒருவரும் போய்விட்டால் மழை முடியும்வரை விடுதியைப் பூட்டுவதாக முதலாளி சொல்லியிருந்தார். நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனால் அது மட்டுமா காரணம்? இல்லை. வழித்து நக்கிய அந்தத் தட்டு என்னை மயக்கிவிட்டது.

மறுநாள் மாசி போடாமல் செய்தேன். அதுதான் சிறந்த சாந்து. இன்றும் அடித்துச் சொல்வேன். யோஹான் பாதியில் கரண்டியை வைத்துவிட்டு, நேற்றையது இன்னும் நன்றாக இருந்தது என்றார், மிகவும் மரியாதையாக.

மூன்றாம் நாள் தகரத்தைத் திறந்தேன். இம்முறை கையின் பழக்கத்தின்மேல் பழிபோட எனக்கு வழியில்லை.

ஒரு வாரம் கழித்து, மழை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் தன் உறுதியின் காரணத்தைச் சொன்னார். இளவயதில் திமிங்கிலம் பிடிக்கும் கப்பலில் வேலை பார்த்திருக்கிறார். ஒரு தாயைக் குத்தி இழுத்து வந்தபோது, அதன் குட்டி ஒரு பகல் முழுவதும் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிட்டார். பதினெட்டு வருடமாக எந்த உயிரின் பங்கையும் எடுத்ததில்லை என்றார். அன்று மதியம் நான் போட்ட மாசி அவர் வயிற்றில் இருந்தது...

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் அவருடைய பதினெட்டு வருடமும் உடைந்துவிடும். சொல்லாதிருப்பதே இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமாம்! மறுநாளும் அல்லவா போட்டேன்!

அந்தப் புகைமணத்தைப் பற்றி யோஹான் காசிம் நானாவிடம் கேட்டிருந்தால், அவர் ஒரு மாசித் துண்டைக் கையில் எடுத்துக் காட்டியிருப்பார். நானாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பொய் சொல்லுமளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவன் அந்த விடுதியில் நான் ஒருவன்தான். அதற்காகவா அப்பா உப்புத் தண்ணீரில் நின்று என்னைப் படிப்பித்தார்?

போகும் நாளில் யோஹான் செய்முறையை எழுதித் தரச் சொன்னார். தன் ஊரில், தன்னைப்போல் உறுதி பூண்டவர்களுக்காக ஒரு சாப்பாட்டுக்கடை தொடங்கப்போகிறாராம். அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றைத் தவிர. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தட்டைச் சந்தேகப்படாமல் நான் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே இடம் இதுதான்."

பிறகு கடிதங்கள் வந்தன. எழுதியபடியே செய்கிறாராம், சாப்பிடுகிறவர்கள் புகழ்கிறார்களாம், ஆனால் அந்தப் புகைமணம் மட்டும் வரவில்லையாம். வறுத்துப் பார்க்கிறார், கருக்கிப் பார்க்கிறார். குறை தன் கையில்தான் என்று நம்புகிறார். இல்லையென்றால் உங்கள் மண்ணின் எள்ளில் ஏதோ இருக்கவேண்டும், கொஞ்சம் அனுப்பமுடியுமா என்று கேட்டிருக்கிறார்.

போன கிழமை அனுப்பினேன். புடைத்து, கல் பொறுக்கி, துணிப்பையில் தைத்துத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். உள்ளே என்ன என்று எழுதவேண்டும் என்றார் அங்கிருந்தவர்.

"எள்ளு."

"எள்ளு மட்டும்தானே, தம்பி?"

"ஓம்" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்... அதையும் சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லவில்லை.